அதே குழி, அதே கன்று

ஒரு காட்டில் ஒரு சத்தம் இருந்தது.

கோடை முடிந்து முதல் மழை விழுந்த மாலைகளில் அது கேட்கும். முதலில் பித்தளைக் குடத்துக்குள் யாரோ ஒரு கூழாங்கல்லைப் போட்டதுபோல ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வேறொரு குடம், வேறொரு கல். அப்புறம் காட்டிலுள்ள குடங்களெல்லாம் சேர்ந்து குலுங்கும். யானைகள் நடையை நிறுத்திக் கேட்கும். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும். தவளைகள் பாடிவிட்டன, இனிப் புல் முளைக்கும் என்று அதற்குப் பொருள்.

அதைக் கேட்ட விலங்குகள் இப்போது கிழடாகிவிட்டன. அவற்றில் பாதிக்குக் காது கேட்பதில்லை. மீதிப் பாதி சொல்வதை இளசுகள் நம்புவதில்லை.

மழை முதலில் தாமதமாக வந்தது. பிறகு தப்பான மாதங்களில் வந்தது. பிறகு வருவதையே விட்டுவிட்டது. ஓடை கல்லாயிற்று. தவளைகள் ஈரம் தேடிப் போயின. போனவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று சொல்ல ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒருத்தி மட்டும் தங்கினாள். அவள் பெயர் குமுதவல்லி.

அவள் தங்கியதற்குக் காரணம் ஒரு மழை. மாசி மாதத்தில், வழி தெரியாமல் வந்துவிட்டது போல, விடிய விடியப் பெய்தது. குமுதவல்லி அதை நம்பினாள். பாறையிலிருந்த ஒரு பள்ளத்தில் நீர் நின்றது. அதில் முட்டையிட்டாள். காலையில் பார்த்தால் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டாக இருந்தது. அதன் பிறகு ஒரு துளி இல்லை. முட்டைகள் தலைப்பிரட்டைகளாகிக் கறுப்புக் கறுப்பாக வாலாட்டின. தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்க வேண்டும். முளைக்கும்வரை நீரைவிட்டு வெளியே வர முடியாது. கால் முளைப்பதற்குள் பள்ளம் வற்றிவிடும் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அந்தக் காட்டில் ஒரு கல்லூரியும் இருந்தது.

அதன் தாளாளர் ஓர் எருமை. ஓடை ஓடிய காலத்தில் அதை மறித்து, தன் உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு குட்டை வெட்டிக்கொண்டவர். வெட்டிய மண் குன்றாகக் குவிந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேல் கல்லூரி கட்டினார். காட்டில் மிச்சமிருந்த நீரெல்லாம் அந்தக் குட்டையில்தான். கூட்டங்களுக்குக் குட்டையில் படுத்தபடியே தலைமை தாங்குவார். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியும். அவர் ஒரு முறை புரண்டால் அடியிலிருப்பதெல்லாம் கூழாகிவிடும். மீன்கள் அப்படித்தான் போயின. அதனால் குமுதவல்லி பிள்ளைகளை அந்தப் பக்கம் கொண்டுபோக நினைக்கவில்லை.

மழை நின்றுபோனதை அந்தக் கல்லூரி கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வகுப்பில் மாணவர்கள் மயங்கி விழுந்தபோது அதை வருகைக் குறைவு என்று கண்டித்திருந்தது. ஆனால், பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அவர்கள் எல்லோரும் மயில்கள், போகுமிடமெல்லாம் ‘பருவநிலை மாற்றத்துக்கு உங்கள் கல்லூரி என்ன செய்தது?’ என்று கேட்கிறார்கள் என்று ஒரு கிளி வந்து சொன்ன பிறகுதான், முதல்வர் கரடிக்கு வியர்த்தது.

பேராசிரியர்களைக் கூட்டினார். குட்டையின் மதகைத் திறந்துவிட்டால் ஓடை கொஞ்ச தூரமாவது ஓடும் என்று ஒரு முயல் விரிவுரையாளர் சொன்னார். அவரை அன்றே நூலகத்துக்கு மாற்றினார்கள். நூலகம் கரையான்களுடையது. பிறகு யாரும் யோசனை சொல்லாததால், எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்: பருவநிலைத் துறை ஒன்று தொடங்குவது, தொடக்க விழா நடத்துவது, விழாவில் மரக்கன்று நடுவது. கன்றுக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை யார் தருவது என்று கரடி கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஆராய்ச்சிப் பேராசிரியர் முள்ளம்பன்றி மட்டும் தலை நிமிர்ந்தார்.

“வெப்பம் யார்கிட்ட இருக்கோ, அவங்கதான் சார் தரணும். அதுதானே நியாயம்.”

யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவரையே அனுப்பினார்கள். அவர் நேர்மையானவர், எல்லோரையும் தொட்டுப் பார்த்தார். செந்நாய்களின் நாக்கு கொதித்தது. பாறையில் நடந்து வந்த மான்களின் குளம்பு சுட்டது. ஓணானைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார். தாளாளர் எருமையோ தொட்ட இடமெல்லாம் ஊற்றுக்கல் போலக் குளிர்ந்திருந்தார். வெயில் அதிகமான நாள்களில் மூச்சு வாங்குகிறவர்களும் அதிகமாக இருக்கிறார்கள் என்பதையும் முள்ளம்பன்றி கவனித்தார். ஆகவே மூச்சு வாங்குகிறவர்கள் விடுகிற அனலால்தான் காடு சூடாகிறது என்று முடிவு சொன்னார். கரடிக்கு ரோமம் சிலிர்த்தது. இத்தனை காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று வியந்தார்.

அதன்படி ஒவ்வொரு மாணவரும் ஒரு வாய்த் தண்ணீர் பருவநிலைக் கட்டணமாகக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் இரண்டு வாய். தாளாளருக்குக் கட்டணம் இல்லை. மாறாக, குளிர்ந்திருந்ததற்காக அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது உடனே சேற்றில் நனைந்து இன்னும் குளிர்ந்தது.

குட்டையைத் தவிர, தூரத்துப் பள்ளத்தாக்கின் அடியில்தான் கொஞ்சம் நீர் கசிந்தது. மாணவர்கள் இறங்கிப் போய் வாய் நிறைய எடுத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதால் கல்லூரியில் அவர்களிடம் இன்னொரு வாய் கேட்டார்கள். அதற்காக மறுபடி இறங்கி ஏறினார்கள். கட்டணப் பானைக்கு முன்னால் கன்னம் உப்பிய விலங்குகள் வரிசையில் நின்றன. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு அமைதியான வரிசையைக் கண்டதில்லை என்று கரடி பெருமைப்பட்டார். அதே நேரத்தில் வகுப்பில் பெயர் கூப்பிட்டார்கள். ‘உள்ளேன் ஐயா’ என்று வாய் திறந்தவர்களுக்குக் கட்டணம் கொட்டிப்போனது. வாய் திறக்காதவர்களுக்கு வருகை போனது.

இந்தப் பானையைக் கேள்விப்பட்டுத்தான் குமுதவல்லி முதல்வர் அறைக்குப் போனாள்.

“ஐயா, ஒரு குடம் தண்ணி எங்க பள்ளத்துல ஊத்தினாப் போதும். பிள்ளைங்களுக்குக் கால் முளைச்சதும் நாங்க போயிருவோம்.”

கரடிக்கு உண்மையாகவே கண் கலங்கியது. “சின்ன வயசுல உங்க பாட்டைக் கேட்டுத்தாம்மா நான் தூங்குவேன். என்ன பண்றது, வெளியாளுக்குக் கொடுக்க விதி இல்ல. நீங்க மாணவியா இருந்தா யோசிக்கலாம்.”

புதிய துறைக்கு ஒரு மாணவர்கூடச் சேர்ந்திருக்கவில்லை என்பதும் அவர் மனதில் இருந்தது. குமுதவல்லி சேர்ந்தாள். சேர்க்கைக்குக் கட்டணம் கேட்டார்கள். பள்ளத்தாக்குவரை தத்திப்போனால் திரும்புவதற்குள் பிள்ளைகள் காய்ந்துவிடும் என்று பயந்து, தன் பள்ளத்திலிருந்தே ஒரு வாய் எடுத்துப் பானையில் துப்பினாள். அன்று பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தலைப்பிரட்டை பாறையோடு ஒட்டிக்கொண்டது. அதை அவளால் எடுக்க முடியவில்லை.

மாணவியானபின் மறுபடி கேட்டாள். மாணவர் கோரிக்கைகள் துறை வழியாக வர வேண்டும் என்றார் கரடி. துறை என்பது முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றி பள்ளத்தை வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீருக்குள் நட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டார். மறுநாள் வந்து, கோடு நீருக்கு மேலே இருப்பதைக் கண்டு குழந்தைபோல மகிழ்ந்தார். குமுதவல்லியின் பள்ளம் துறையின் முதல் ஆய்வாயிற்று.

“ஒரு குடம் ஊத்தலாமா சார்?”

“ஊத்திறலாம்மா. ஊத்தினா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க.”

“பிள்ளைங்க பிழைக்கும்.”

“அதேதான். அப்புறம் வத்துதுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?”

அவர் இரக்கமில்லாதவர் அல்ல. தினமும் காலையில் பிள்ளைகளை நலம் விசாரிப்பார். ஒரு முறை அவர் நிழல் பள்ளத்தின்மேல் விழுந்து, பிள்ளைகள் நிழலுக்கு ஓடி வந்து கூடின. அவர் பதறி விலகி நின்றார். நிழல் பட்டால் வற்றும் வேகம் மாறிவிடும்.

விழா நாள் வந்தது.

மரக்கன்று நடுவதில் அந்தக் கல்லூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயிலுக்கு முன்னால் ஒரு குழி. கல்லூரி தொடங்கிய ஆண்டு வெட்டியது. அங்கே நடாத விருந்தினர் இல்லை. கறுப்புப் பையிலிருக்கும் ஒரு புங்கங்கன்றைப் பையோடு குழிக்குள் இறக்குவார்கள். தலைமை விருந்தினர் பானையைச் சாய்ப்பார். ஊற்றிய நீர் தெரியும்படி அணில் படமெடுக்கும். சுற்றுலா வந்தவர்கள் தொலைத்துவிட்டுப்போன கைப்பேசி அதனிடம் இருந்தது. கைதட்டி முடித்து நன்றியுரை சொன்னதும் கன்றை வெளியே எடுத்து, துடைத்து, முதல்வர் அறையில் நிழலான மூலையில் வைத்துவிடுவார்கள், அடுத்த விழாவுக்கு. அந்தக் காட்டிலேயே அதிக முறை நடப்பட்ட கன்று அது. அதை முதலில் நட்ட காலத்தில் பிறந்த மரங்கள் பழம் பழுத்துப் பட்டும் போயிருந்தன. கன்று அதே உயரத்தில், அதே இலைகளோடு இருந்தது.

இத்தனை விழாக்களில் களிமண் மிதிபட்டு இறுகி, குழி ஒரு பானைபோல ஆகியிருந்தது. ஊற்றிய நீர் சீக்கிரத்தில் கீழே இறங்காது.

துறையின் ஒரே மாணவி என்று குமுதவல்லியை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அன்று மரங்கொத்தி ஒருவர் தலைமை விருந்தினர். அவர் தாமதமாக வந்து, நீளமாகப் பேசி, மாணவர்கள் வாய் வாயாகச் சேர்த்த பானையைக் குழியில் கவிழ்த்தார். வரிசையிலிருந்த செந்நாய்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டன. எல்லோரும் போனபின் குமுதவல்லி எட்டிப் பார்த்தாள். குழிக்குள் வானம் தெரிந்தது.

அவள் பள்ளத்துக்குத் தத்திப்போய் வாய் கொள்ளுமளவு பிள்ளைகளை வாரிக்கொண்டாள். திரும்பும் வழியில் முள்ளம்பன்றி எதிரே வந்தார்.

“என்னம்மா, வாய் நிறைய? அடுத்த கட்டணமா?”

அவள் தலையசைத்தாள். வேறென்ன செய்வது. முன்கூட்டியே கட்டுகிற ஒரே மாணவி என்று அவர் நெகிழ்ந்து, மரியாதைக்காகக் கட்டணப் பானைவரை கூடவே நடந்து வந்தார். பானைக்குப் பக்கத்தில் நின்று, துப்பட்டும் என்று காத்திருந்தார். அவள் துப்பவில்லை. நாக்கின்மேல் பிள்ளைகள் துடிப்பது தெரிந்தது. ஒன்றின் வால் உதட்டோரம் வெளியே வந்துவிட்டது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

“வாய்ல பாசி ஒட்டியிருக்கு பாருங்க,” என்றார்.

அதற்குள் கரடி அவரைக் கூப்பிட்டார், விழாப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பெயர் சொல்ல. அவர் போனதும் குமுதவல்லி குழிக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வானத்துக்குள் இறங்கின. பொழுது சாயும்வரை போய்ப் போய் மீதியையும் கொண்டுவந்தாள்.

சில நாளில் பாறைப் பள்ளம் முழுக்கக் காய்ந்தது. முள்ளம்பன்றி தன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளம் வற்றும் என்று தாம் சொன்னது சரியாக இருந்ததாக அறிவித்தார். பள்ளத்திலிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு பொன்னாடை.

குழியிலும் நீர் குறையத்தான் செய்தது. மெதுவாகக் குறைந்தது, அவ்வளவுதான். குமுதவல்லி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே யோசித்தாள். பிள்ளைகளுக்காகக் கேட்டபோது ஒரு சொட்டுக் கிடைக்கவில்லை. விழா என்றதும் ஒரு பானை கிடைத்தது. அவள் மறுபடி முதல்வர் அறைக்குப் போனாள். இந்த முறை பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஐயா, மயில்கள் வர்றதுக்குள்ள இன்னும் சில விழா நடத்தினா நல்லா இருக்கும்னு மாணவிங்கிற முறையில தோணுது. நிழல் தினம்னு ஒண்ணு வைக்கலாம்.”

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு விழா பிடிக்கும். விழாவில் பொன்னாடை பிடிக்கும். அந்த உடம்பு ரோமத்தின்மேல் இன்னும் துணி சுற்றிக்கொண்டு, மூச்சு முட்ட, புன்னகையோடு நிற்பார். நிழல் தினம் நடந்தது. குழியில் ஒரு பானை விழுந்தது. பிறகு ஓடை நினைவு நாள். பிறகு ஈரப்பத விழிப்புணர்வு வாரம். வாரமென்றால் தினமும் ஒரு பானை. பெரிய விருந்தினர்கள் தீர்ந்துபோனதும் சிறிய விருந்தினர்கள் வந்தார்கள். ஒரு வௌவாலைக்கூட அழைத்தார்கள். அவர் தலைகீழாகத் தொங்கியபடி பேசினார். பேச்சில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் தெரியவில்லை.

தலைமை விருந்தினர் எவரும் நேரத்துக்கு வந்ததில்லை. ஒரு நாள் குழியின் அடியில் கொஞ்சம் நீர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சொன்ன நேரம் போய், வெயில் உச்சிக்கு வந்து, சாயவும் தொடங்கிவிட்டது. வரவேற்புரை சொல்ல வேண்டிய உடும்பு நின்றபடியே தூங்கியது. குமுதவல்லி வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தூரத்தில் புழுதி தெரிந்தது. அன்றைய தலைமை விருந்தினர் இருவாச்சிப் பறவை வந்து சேர்ந்தார், வழியில் இன்னொரு விழா என்றார், பானையைச் சாய்த்தார். அன்றுதான் குமுதவல்லிக்கு ஒன்று விளங்கியது. அவர்கள் தாமதமாக வருவார்கள். வராமல் இருக்க மாட்டார்கள்.

விழாக்கள் கூடக் கூடக் கட்டணமும் கூடியது. பள்ளத்தாக்கின் கசிவு மெலிந்தது. மாணவர்கள் முன்னைவிட ஆழமாக இறங்கினார்கள், முன்னைவிட மூச்சு வாங்க ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி நிவேதா, இளம் மிளா மான். வீட்டில் அவளுக்கு நோயாளித் தாய். அம்மாவுக்கு ஒரு வாய், கல்லூரிக்கு இரண்டு வாய் என்று ஏறி இறங்கி அவள் விலா எலும்புகள் தெரிந்தன.

அவள்தான் முதலில் வரிசையில் நின்றபடி வாயிலிருந்த நீரை விழுங்கினாள். விழுங்கிவிட்டுப் பேசினாள். இத்தனை தண்ணீரை ஊற்றியும் ஏன் ஒரு மரம்கூட இல்லை என்று கேட்டாள். கன்றைப் பையிலிருந்து எடுப்போம், வேரை அவிழ்ப்போம், குழியில் மண்ணை நிரப்பி ஒரே ஒரு தடவை ஒழுங்காக நடுவோம், அதற்கப்புறம் விழாவும் வேண்டாம் கட்டணமும் வேண்டாம் என்றாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக விழுங்கினார்கள். விழுங்கிய பிறகு எல்லோருக்கும் பேச முடிந்தது.

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. குமுதவல்லிக்கும் அது தெரிந்தது.

நிவேதா கொம்பில்லாத தலையால் மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு குழிவரை வந்துவிட்டாள். குழியின் விளிம்பில் குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள்.

“நகருங்க அக்கா.”

“உள்ள பாரு தாயி.”

நிவேதா பார்த்தாள். நீருக்குள் வால்கள் அசைந்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால் மொட்டுவிட்டிருந்தது. அவள் மண்ணைத் தள்ளுவதை நிறுத்தினாள். வேறு யாராக இருந்தாலும் கேலி செய்திருப்பார்கள். அவள் செய்யவில்லை. பிள்ளைகளை ஒரு சட்டியில் மாற்றிவிடலாம் என்றாள், தண்ணீர் தானே கொண்டுவந்து ஊற்றுவதாகச் சொன்னாள்.

“தினமுமா?”

“தினமும்தான்.”

“உங்கம்மாவுக்கு முடியாமப் போச்சுன்னா?”

“அப்பவும் எப்படியாவது வருவேன்.”

“பரீட்சை வந்துட்டா?”

நிவேதா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

“நீ நல்லவ,” என்றாள் குமுதவல்லி. “நல்லவங்களை நம்பி எப்படிம்மா பிள்ளைகளை விடறது?”

மறுநாள் குட்டைக்கரையில் பொதுக்கூட்டம். நிவேதா பேசி முடித்ததும் பெரிய கைதட்டல். கரடியே தடுமாறிப்போனார், மயில்களுக்கு ஒரு நிஜ மரத்தைக் காட்டினால் என்ன என்று அவருக்கும் தோன்றிவிட்டது. அப்போது பருவநிலைத் துறை மாணவி பேச வேண்டும் என்று குமுதவல்லி எழுந்தாள். எழுந்தது தெரியாததால் ஒரு கல்லின்மேல் ஏற்றிவிட்டார்கள்.

“மரம் நடணும்னு தங்கச்சி சொல்றது எனக்கும் சம்மதம்தான். ஒரு சந்தேகம் மட்டும். இந்தக் கன்றை நட்டுட்டா அது வளர்ந்துரும். வளர்ந்துட்டா அடுத்த வருசம் எதை நடுவோம்?”

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. முள்ளம்பன்றி மெல்லத் தலையாட்டினார். கரடி தான் குட்டியாக இருந்ததிலிருந்து அந்தக் கன்றைப் பார்த்துவருபவர். அதை மண்ணில் விட்டுவிடுவதா என்று கேட்டார். தன் வாழ்நாளில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான் என்றார். குட்டையிலிருந்து தாளாளரின் மூக்கும் மேலே வந்தது. மரமென்றால் வேர் வரும், வேர் வந்தால் நீர் தேடும் என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கு உள்ளே போனது.

கன்று கல்லூரியின் பாரம்பரியச் சின்னம் என்றும், அதை எக்காலத்திலும் நடக் கூடாது என்றும், ஆனால் விழாதோறும் நட வேண்டும் என்றும் முடிவாயிற்று. விழுங்கிய நீரைத் திரும்பச் செலுத்த மாணவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். நிவேதா குமுதவல்லியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் நடந்தாள். அவளிடம் பழையபடி மூன்று வாய் வேலை இருந்தது.

மயில்கள் வந்தன. தாமதமாகத்தான் வந்தன. கல்லூரியில் இருப்பதையெல்லாம் தோகையை விரித்தும் மடக்கியும் பார்த்தன. பருவநிலை மாற்றத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டன. கரடி விழாக்களைச் சொன்னார், விருந்தினர்களைச் சொன்னார், படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் ஒரே குழி, ஒரே கன்று. மூத்த மயில் கொட்டாவி விட்டது. விளைவு ஏதாவது உண்டா என்று கேட்டது. கரடிக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. வழக்கமான மரியாதைக்காக மயிலைக் குழிக்கு அழைத்துப்போய்ப் பானையைக் கொடுத்தார்.

மயில் சாய்த்தது. நீர் விழுந்த வேகத்தில் குழியிலிருந்து ஏதோ துள்ளி விளிம்பில் உட்கார்ந்தது. நகத்தளவு இருந்தது. அதற்கு நான்கு கால்கள். பின்னால் இன்னொன்று, இன்னும் சில.

குமுதவல்லி அசையாமல் இருந்தாள்.

“இது தவளை,” என்றது மூத்த மயில். அது தவளையைப் பார்த்துப் பல காலமாயிற்று. அழிந்துபோன இனத்தையே மீட்டிருக்கிறீர்கள், இதை ஏன் இவ்வளவு அடக்கமாக வைத்திருந்தீர்கள் என்று கரடியைக் கடிந்துகொண்டது. கரடி அடக்கமாகவே நின்றார். அந்த இடத்திலேயே கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. விழாக் குழிக்கு ‘தவளை மீட்பு மையம்’ என்று பெயர் வந்தது. முள்ளம்பன்றி தன் முள்ளால் குழியையும் அளந்தார். குமுதவல்லியைத் துறைத் தலைவராக்கினார்கள். குடும்பத்தோடு குழியிலேயே குடியிருக்கலாம். விழாக்கள் மட்டும் தடைபடக் கூடாது.

அன்று மாலை யாரும் எதிர்பாராமல் மேற்கே ஒரு மேகம் ஏறியது. காற்றில் மண்வாசனை. காது கேட்கிற கிழட்டு விலங்குகள் ஒவ்வொன்றாக வாயிலுக்கு வந்து கூடின. குமுதவல்லியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவள் பாடினால் மழை இறங்கிவிடும் என்று அவை நம்பின. கரடியும் வந்திருந்தார். மழை வந்தால் துறை எதற்கு, மையம் எதற்கு என்ற கவலை அவருக்கு. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றார்.

குஞ்சுகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தன. அவற்றின் தொண்டை தானாகவே உப்பியது. என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை.

“மழை ஒரு தடவை என்னை ஏமாத்தியிருக்கு,” என்றாள் குமுதவல்லி. “விழா ஏமாத்தினதே இல்ல. வாயை மூடிட்டு உள்ள போங்க.”

குஞ்சுகள் குழிக்குள் இறங்கின. மேகம் எதையோ கேட்பதற்காக நின்றதுபோலக் கொஞ்ச நேரம் மலைமேல் நின்றது. பிறகு போய்விட்டது.

நீதி: மழையை நம்பாதே, மரத்தை நம்பாதே, நல்லவர்களைச் சுத்தமாக நம்பாதே. தலைமை விருந்தினரை நம்பு. பொன்னாடை உள்ளவரை அவர் வந்துவிடுவார்.

நிவேதா அடுத்த கோடையில் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், திரும்பி வரவில்லை. தேடிப் போனால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் இரண்டு வாய் என்பதால் யாரும் தேடிப் போகவில்லை. அவள் பெயரில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறார்கள். நன்றியுரை சொல்வது குமுதவல்லியின் மூத்த மகன்.